சரிவில் விடுபட்ட இருநூற்று நாற்பது மீட்டர்

ஜனவரி மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை, அதிகாலை 3.52. விம்பிள்டனில் என் வீட்டிலிருந்து வாடகைக் காரில் பதினெட்டு நிமிடம், கட்டணம் பதினாறு பவுண்டு. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. நான் இறங்கிய இடம் தெற்கு லண்டனில் ஓர் உள்ளாட்சிக் கவுன்சிலின் சாலைப் பராமரிப்புக் கிடங்கு. எந்தக் கவுன்சில் என்று எழுதப்போவதில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.

இந்த ஊரில் இருபத்து மூன்று குளிர்காலங்களைக் கழித்துவிட்டேன். முதல் உறைபனி விழுந்த நாளையும் கடைசி உறைபனி விழுந்த நாளையும் ஒவ்வோர் ஆண்டும் நாட்குறிப்பில் குறித்து வைப்பது வழக்கம். அப்படிப்பட்ட காலைகளில் சாலையில் பழுப்பு நிறத்தில் உப்புக் கற்கள் கிடக்கும். நடந்தால் செருப்படியில் நறநறக்கும். அதைப் போடுகிறவர்களை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. அக்டோபரில் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதிக் கேட்டேன். இந்தக் குளிர்காலம் முதல் ஒரு நாளைக்கு ஒரு குடியிருப்பாளரை உப்பு லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறோம், குளிர் வரும்போது கூப்பிடுகிறோம் என்று டிசம்பரில் பதில் வந்தது. அழைப்பு வந்தது புதன்கிழமை மதியம் இரண்டரைக்கு. அன்றைய வானிலை அறிக்கையைப் பார்த்து, சாலையின் மேற்பரப்பு விடியும் முன் பூஜ்யத்துக்குக் கீழே மூன்று டிகிரிக்குப் போகும் என்று அப்போதுதான் முடிவு செய்திருக்கிறார்கள்.

கிடங்கின் ஒரு பக்கம் பெரிய கூடாரம். உள்ளே உப்பு, இரண்டு மாடி உயரத்துக்கு. நம் சமையலறை உப்பல்ல. சுரங்கத்தில் வெட்டி எடுத்த கல் உப்பு, செம்மண் கலந்தது போன்ற நிறம். பணிப் பொறுப்பாளர் டெனிஸ் என்ற பெண்மணி எனக்கு மஞ்சள் சட்டையும் இரும்பு முனை வைத்த பூட்சும் கொடுத்து, ஒன்பது விதிகள் கொண்ட தாளில் கையெழுத்து வாங்கினார். ஆறாவது விதி: ஓட்டுநர் சாலை மாறும்போது அவரோடு பேசக் கூடாது. படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

4.15. எனக்கு அமைந்த ஓட்டுநர் தமிழர். பெயர் யூட், மன்னார்க்காரர், வயது நாற்பத்தாறு. பதினெட்டு டன் லாரியின் முன்படியில் நின்று என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார்.

"தமிழ் ஆள் எண்டு டெனிஸ் சொல்லேல்லையே. எந்த இடம் அண்ணை?"

"திருநெல்வேலிங்க."

"அங்க உறைபனி எண்டா ஐஸ்கிரீம் பெட்டிக்குள்ளதானே."

"உங்க மன்னார்ல மட்டும் கொட்டுதாக்கும்?"

"எங்களிட்ட உப்பளமாவது கிடக்கு. பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஏறுங்கோ."

4.22. கிளம்பினோம். பின்னால் ஆறு டன் உப்பு. பாதை எண் மூன்று, ஐம்பது கிலோமீட்டர், முடிக்க வேண்டிய நேரம் 6.35. சதுர மீட்டருக்குப் பத்துக் கிராம் உப்பு விழ வேண்டும். லாரியின் வாலில் ஒரு தட்டு சுழன்றுகொண்டே உப்பை இரண்டு பக்கமும் வீசுகிறது. ஓட்டுநரின் இடது கைப்பக்கம் ஒரு பெட்டி. அதில் பச்சை விளக்கு எரிந்தால் உப்பு விழுகிறது, சிவப்பு எரிந்தால் விழவில்லை. ஒரே பொத்தான்தான். அமுக்கினால் நிற்கும், மறுபடி அமுக்கினால் விழும்.

ஒன்றை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். உப்பு பின்னால்தான் விழுகிறது. ஆகவே உப்பு லாரி எப்போதும் உப்புப் போடாத சாலையில்தான் ஓடுகிறது. அந்தச் சாலையில் முதலில் வழுக்கக்கூடிய வண்டி அதுவே.

"பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"மெதுவாப் போனா ஒண்டுமில்லை. பின்னால வாறவைதான் ஹோர்ன் அடிப்பினம். உப்புக்கல்லு காரில பட்டா கையைக் காட்டித் திட்டுவினம். போன கிழமை ஒராள் சிக்னலில இறங்கி வந்து, பெயின்ற்றுக்கு ஆர் காசு தருவது எண்டு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"குட் மோர்னிங் எண்டு சொன்னன்."

எல்லாச் சாலைக்கும் உப்பு கிடையாது. பஸ் போகும் சாலை, ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலை, தீயணைப்பு நிலையச் சாலை ஆகியவை முதல் பட்டியல். என் வீடு இருப்பது போன்ற சிறு தெருக்கள் பட்டியலிலேயே இல்லை. கடைத்தெரு ஒன்றைக் கடந்தோம். புடவைக் கடைப் பொம்மைகளுக்கு மட்டும் விளக்கு எரிந்தது. டிராம் பாதையை ஒரு தரம் குறுக்கே கடந்தோம். பள்ளிக்கூடம் ஒன்றைச் சுற்றி வந்தோம். ஒரு மளிகைக் கடை வாசலில் மூன்று பேர் வேனிலிருந்து வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். லாரியின் மஞ்சள் விளக்கு அவர்கள் முகத்தில் பட்டபோது ஒருவர் மட்டும் கையைத் தூக்கினார். யூட்டும் தூக்கினார்.

"தெரிஞ்சவரா?"

"இல்லை. ஆனா ஒவ்வொரு நாளும் கை காட்டுவார். நானும் காட்டுவன்."

யூட் நிரந்தர ஊழியர் அல்ல. நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் இந்த வேலை, மற்ற மாதங்களில் பார்சல் வேன் ஓட்டுகிறார். இந்த மார்ச்சில் ஒரு நிரந்தர இடம் காலியாகிறது. அதற்கு அவரும் இன்னொருவரும் நிற்கிறார்கள். போன குளிர்காலத்தில் அதே நிலையில் இருந்த ஓர் ஓட்டுநர் ஒரு தெருவை விட்டுவிட்டார். மறுநாள் புகார் வந்தது. அடுத்த நவம்பரில் அவரைக் கூப்பிடவில்லை.

"அது எழுத்தில இருந்தாப் போதும் அண்ணை. பிறகு எவ்வளவு நல்லா ஓடினாலும் அந்தத் தாளைத்தான் பாப்பினம்."

5.07. வெளியே சாலை வெப்பநிலை கழித்தல் 2.6. லண்டனில் சில பெரிய சாலைகளின் ஓரத்தில் மஞ்சள் கோட்டுக்குப் பதில் சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். அவை கவுன்சிலைச் சேர்ந்தவை அல்ல, நகரம் முழுவதற்குமான போக்குவரத்து நிர்வாகத்தைச் சேர்ந்தவை. அங்கே அவர்களுடைய லாரி தனியாக வந்து உப்புப் போடும். ஆகவே எங்கள் லாரி சிவப்புக் கோட்டுச் சாலையில் ஏறும்போது யூட் பொத்தானை அமுக்கி நிறுத்துவார், இறங்கும்போது அமுக்கித் திறப்பார். அன்று அதுவரை பதினோரு முறை செய்திருந்தார். நான் எண்ணிக்கொண்டு வந்தேன்.

பன்னிரண்டாவது முறை சிவப்புக் கோட்டுச் சாலையிலிருந்து இடது பக்கம் திரும்பினால் ஒரு சரிவு. நீளம் இருநூற்று நாற்பது மீட்டர். கீழே வலப்பக்கமாக ஒரு வளைவு, வளைவையொட்டி ரயில் பாதையின் செங்கல் சுவர். அது முடியும் இடத்தில் மறுபடியும் ஒரு பெரிய சிவப்புக் கோட்டுச் சாலை. சரிவு மட்டும் கவுன்சிலுடையது. யூட் திரும்பத் தொடங்கியபோது நான் நாட்குறிப்பைப் பிரித்து வைத்திருந்தேன். போன ஆண்டு முதல் உறைபனி நாளை நவம்பர் இருபதுக்குப் பின்னே குறித்திருந்தேன். ஆனால் அதற்கு முன்பே ஒரு நாள் உப்பு கிடந்ததாகவும் பக்க ஓரத்தில் எழுதியிருந்தேன். அது ஏன் என்று பல வாரமாகச் சந்தேகம்.

"யூட், போன வருஷம் நீங்க முதல் தடவை வண்டி எடுத்தது எந்தத் தேதின்னு ஞாபகம் இருக்கா?"

"போன வருசமோ? பொறுங்கோ... மகளின்ர பிறந்தநாளுக்கு மூண்டு நாள் முந்தி... பதினெட்டு? இல்லை, பதினேழு. திங்கக்கிழமை."

நான் தேதியை எழுதிக்கொண்டேன். அதற்குள் சரிவில் இறங்கிவிட்டோம். கீழ் வளைவில் லாரியின் பின்பக்கம் ஒரு விரல் அளவு விலகித் திரும்பி வந்ததை இருக்கையில் உணர்ந்தேன்.

5.12. கீழே பெரிய சாலையில் ஏறியதும் வழக்கம்போல நிறுத்துவதற்காக யூட் பொத்தானை அமுக்கினார். பச்சை எரிந்தது.

அவர் பெட்டியைப் பார்த்தார். மறுபடி அமுக்கிச் சிவப்பாக்கினார். 

"சரிவுக்குப் போடேல்லை அண்ணை."

"நான் பேசினதாலயா?"

"நான்தான் அமுக்கேல்லை."

நடுவில் தடுப்புச் சுவர் உள்ள சாலை அது, திரும்ப முடியாது. அடுத்த ரவுண்டானா வரை போய், வேறு வழியாகச் சுற்றித்தான் சரிவின் தலைக்கு வர முடியும். ஐந்தரை கிலோமீட்டர், ஆறு சிக்னல். அந்தச் சரிவில் இறங்கும் முதல் பஸ் 5.31க்கு வரும் என்றார் யூட்.

இன்னொரு வழியும் இருந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன், அவரே என்னிடம் சொன்னதுதான். பேசாமல் தொடர்ந்து போயிருக்கலாம். பாதையை நேரத்தில் முடித்திருக்கலாம். பெட்டியில் எல்லாம் பதிவாகும், ஆனால் இருநூற்று நாற்பது மீட்டரை யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

"ஒருத்தரும் பாக்காயினம். அந்தச் சுவரில பஸ் இடிச்சாத்தான் பாப்பினம்" என்றபடியே ரேடியோவை எடுத்தார்.

டெனிஸின் கேள்விகள் சிறியவை. எந்த இடம், எவ்வளவு நீளம், இப்போது எங்கே இருக்கிறாய். யூட் மூன்றுக்கும் பதில் சொன்னார். பஸ் டிப்போவுக்குப் போன் செய்து பஸ்ஸை நிறுத்தச் சொல்கிறேன், நீ திரும்பிப் போ என்றார் டெனிஸ். இரண்டு நிமிடம் கழித்து மீண்டும் அழைத்தார். டிப்போவில் மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை.

அதன் பிறகு சிக்னல்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதல் இரண்டும் பச்சை. மூன்றாவதில் நாற்பது விநாடி நின்றோம். நான்காவது பச்சை. ஐந்தாவதில் ஆளில்லாத நடைபாதைக்காக நின்றோம். யாரோ பொத்தானை அமுக்கிவிட்டுக் காத்திராமல் கடந்து போயிருக்கிறார்கள். ஆறாவது பச்சை. யூட் வேகத்தைக் கூட்டவே இல்லை. கூட்டச் சொல்லலாமா என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. நான் பேசியது அன்றைக்கு ஏற்கனவே போதுமான அளவு.

5.29. சரிவின் தலை. பஸ் இல்லை. இனிமேல் வருமா, முன்னாலேயே போய்விட்டதா என்று தெரியவில்லை. யூட் முன்விளக்கைப் பெரிதாக்கினார். சாலை முழுவதும் மெல்லிய வெள்ளை. அதன் மேல் ஒரே ஒரு வண்டியின் தடம், அகலமான இரட்டைச் சக்கரத் தடம். எங்களுடையதுதான்.

லாரியைச் சாலையின் தலையில் சற்றுக் குறுக்காக நிறுத்தி மஞ்சள் விளக்கைச் சுழலவிட்டார். "இனிப் பஸ் வந்தாலும் என்ர பின்னாலதான். நான் இறங்காம அது இறங்க ஏலாது." ஆனால் உடனே இறங்கவும் இல்லை. டார்ச்சோடு நடந்து போய் வளைவில் குதிகாலை ஊன்றிப் பார்த்தார். குதிகால் ஓடியது. பக்கச் சுவரிலிருந்து கசிந்த நீர் வளைவின் குறுக்கே உறைந்திருந்தது. இருபது நிமிடத்துக்கு முன்னால் ஒரு விரல் விலகிய லாரி இப்போது எவ்வளவு விலகும் என்று தெரியாது. வளைவுக்குக் கையால் போட்ட பிறகே லாரி இறங்க வேண்டும் என்று முடிவு செய்தார். ஓரத்தில் மஞ்சள் நிற உப்புப் பெட்டி இருந்தது. மண்வாரியை எடுத்துக்கொண்டு தொடங்கினார். என்னை வளைவுக்கு மேலே நடைபாதையிலேயே நிற்கச் சொல்லி டார்ச்சை என் கையில் கொடுத்தார்.

5.34. பஸ் வந்து லாரிக்குப் பின்னால் நின்றது. உள்ளே ஒன்பது பேர். கம்பளித் தொப்பி போட்ட பெண் ஓட்டுநர் கண்ணாடியைத் திறந்து, எவ்வளவு நேரம் ஆகும் என்று கீழே பார்த்துக் கத்திக் கேட்டார். பத்து நிமிடம் என்று நானும் கத்திச் சொன்னேன். கதவு திறந்தது. முதலில் இறங்கியவர் கோட்டுக்கு மேல் சால்வை போர்த்திய ஓர் அம்மாள். நடைபாதைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதித் தூரம் வந்துவிட்டார்.

"ஆர் அது, யூட்டோ? ஞாயிற்றுக்கிழமை கோயில்ல பைபிள் வாசகம் வாசிக்கிற ஆள் இஞ்ச மண் அள்ளுறார்."

"ரெஜினா அக்கா, பஸ்ஸுக்குள்ள போங்கோ. வழுக்கும்."

"எனக்கு ஆறரைக்கு ஷிப்ட். ஆஸ்பத்திரி வார்டு ரெண்டு என்ர பொறுப்பு. நீ முடிக்கிறத நிண்டு பாத்தாத்தான் எனக்கு நிம்மதி."

"பாக்கிறதெண்டா வாயை மூடிக்கொண்டு பாருங்கோ."

"எறியாதை, தூவு. குவியலா விழுது பார். பன்னிரண்டு வருசமா நிலம் துடைக்கிறன், எனக்குத் தெரியாதோ. காண் ஓரம் விட்டிட்டாய்."

யூட் சாக்கடை ஓரத்துக்கு ஒரு வாரி போட்டார். அங்கே உண்மையிலேயே விடுபட்டிருந்தது. அக்கா இன்னொரு மண்வாரி இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். லாரியில் இருந்தது.

"தாங்கோ இஞ்ச."

"அக்கா, உங்களுக்கு இன்சூரன்ஸ் இல்லை" என்றார் யூட் கீழேயிருந்து.

"உனக்கு இன்சூரன்ஸ். எனக்கு ஷிப்ட். எது முதல்ல வரும் எண்டு பாப்பம்."

மண்வாரி கொடுக்கப்படவில்லை. அக்கா டார்ச்சை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, எங்கே ஒளி அடிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியவில்லை என்றார்.

5.45. கை வேலை முடிந்தது, அக்கா பஸ்ஸுக்குத் திரும்பினார். யூட் பஸ் ஓட்டுநரிடம் போய், நான் இறங்கிய பிறகு பத்து நிமிடம் கழித்து இறங்குங்கள், உப்பு விழுந்ததும் ஐஸ் உருகிவிடாது, அதற்கு நேரம் வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஏற்கனவே தாமதம், கண்ட்ரோலில் கேட்டால் உப்பு லாரி மேல் பழியைப் போடுவேன் என்றார் அவர். போடுங்கள், உண்மை அதுதான் என்றார் யூட். அந்தப் பெண் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு எஞ்ஜினை அணைத்தார்.

5.47. பொத்தான். பச்சை. அளவை இருபது கிராமுக்குக் கூட்டிக்கொண்டு நடந்து போகும் வேகத்தில் சரிவில் இறங்கினோம். நான் வாயைத் திறக்கவில்லை. வளைவில் யூட் பிரேக்கைத் தொடவே இல்லை. செங்கல் சுவர் என் பக்கக் கண்ணாடிக்கு அருகில் வந்து, விலகிப் போனது. பெரிய சாலை. பொத்தான். சிவப்பு.

அங்கே நின்று பஸ் இறங்குவதைப் பார்க்க வழியில்லை. அந்தச் சாலையில் நிறுத்தக் கூடாது. மிச்சம் இருபத்தெட்டு கிலோமீட்டர் சாலைகள் வேறு உப்புக்குக் காத்திருந்தன. போனோம்.  5.57 ஆனது. 6.00 ஆனது. ஆஸ்பத்திரியின் சுற்றுச் சாலைக்கு உப்புப் போட்டோம். அவசரப் பிரிவின் வாசலில் ஆம்புலன்ஸ் ஒன்று நின்றது. யூட் அதன் நெற்றியில் விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். எரியவில்லை.

6.06. ரேடியோ. டிப்போவில் ஒருவழியாக ஆள் எடுத்துவிட்டார்கள் என்றார் டெனிஸ். முதல் பஸ் சரிவின் அடியில் உள்ள நிறுத்தத்தை 5.59க்குக் கடந்திருக்கிறது.

யூட் "நன்றி" என்று மட்டும் சொல்லி ரேடியோவை வைத்தார். பிறகு இருக்கைக்குப் பின்னால் கைவிட்டு ஒரு காகிதப் பையை எடுத்தார். உள்ளே ஆட்டிறைச்சி ரோல்ஸ் நான்கு.

"சாப்பிடுங்கோ அண்ணை. ரூட்டிங் கடைத்தெருவில நேற்று வேண்டினது. ஆறிப் போச்சு."

"நீங்க?"

"நானும்தான். இவ்வளவு நேரமும் இறங்கியிருக்காது."

7.03. கிடங்கு. இருபத்தெட்டு நிமிடத் தாமதம். லாரியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு யூட் அறிக்கைத் தாளில் எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் "ஓட்டுநரின் கவனக்குறைவு" என்று மூன்று ஆங்கிலச் சொற்கள். அதற்குக் கீழே நான் எழுதலாமா என்று டெனிஸிடம் கேட்டேன். ஆறாவது விதியை மீறி, ஓட்டுநர் சாலை மாறும்போது நான் கேள்வி கேட்டேன் என்று எழுதி, கேள்வி என்ன என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டு, நேரத்தைக் குறித்தேன். யூட் வேண்டாம் என்று தலையசைத்தார். டெனிஸ் இரண்டையும் படித்தார்.

"தேதி கேட்டீர்களா?"

"ஆம்."

"பதில் சரியா?"

எனக்குத் தெரியாது என்றேன். டெனிஸே தம் கணினியில் பார்த்தார். நவம்பர் பதினேழு, திங்கட்கிழமை. சரிதான்.

பிறகு டெனிஸ் சொன்னதை என் நாட்குறிப்பில் உள்ளபடியே தமிழில் தருகிறேன். "விடுபட்ட இடத்தை நானோ பொதுமக்களோ கண்டுபிடித்தால் ஒரு விதமான தாள். போக்குவரத்து வரும் முன் ஓட்டுநரே கண்டுபிடித்து, சொல்லி, திரும்பிப் போய்ச் சரிசெய்தால் வேறு விதமான தாள். மார்ச்சில் மேசைக்கு வரப்போவது இரண்டாவது தாள்தான், அதில் என் கையெழுத்து இருக்கும்." யூட்டைப் பார்த்து, போய்த் தூங்கு, இன்று மாலையும் உறையும் என்றார்.

என் பக்கம் திரும்பி, பயணிகளை ஏற்றும் ஏற்பாட்டை இன்றோடு நிறுத்துகிறேன் என்றார். குரலில் கோபம் இல்லை. நியாயம் என்றே எனக்கும் பட்டது. ஆகவே இதைப் படித்துவிட்டு அந்தப் பாதையில் போக விரும்புகிற வாசகர்களுக்கு என் வருத்தம். அந்த இருக்கையைக் காலி செய்தவன் நான்தான்.

வாசலில் யூட் கைகொடுத்தார். மார்ச்சில் என்ன ஆனது என்று எழுதச் சொன்னேன்.

"சொல்லுறன் அண்ணை. ஆனா நான் ஓடிக்கொண்டிருக்கேக்க கேக்காதேயுங்கோ."

8.20. வீட்டுக்கு நேர் வழியில் போகவில்லை. சரிவின் தலைக்குப் போய் அந்த பஸ்ஸிலேயே ஏறினேன். கட்டணம் ஒரு பவுண்டு எழுபத்தைந்து. பள்ளிப் பிள்ளைகளும் அலுவலகக்காரர்களுமாக நின்றுகொண்டு வர வேண்டிய கூட்டம். திருநெல்வேலியில் சாலை போடுகிறவர்களை வெயிலில், கொதிக்கும் தாரின் பக்கத்தில் பார்த்தபடிதான் கடந்து போவோம். அங்கே யாருக்கும் நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை, ஆனால் வேலை செய்கிறவர்களின் முகமாவது தெரியும். இங்கே சாலையைப் பயன்படுத்துகிறவர்கள் எழுந்திருக்கும்போது அதைக் காத்தவர்கள் படுக்கப் போயிருக்கிறார்கள்.

கூட்டம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் அருகே ஒரு பெண் கண்ணாடியில் பார்த்து மை தீட்டிக்கொண்டிருந்தார். வளைவு வந்தபோது நான் மட்டும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தேன். அவருடைய கை அசையவில்லை, கோடு நேராக விழுந்தது. சரிவின் தலையிலிருந்து அடி வரை அட்டவணைப்படி இரண்டு நிமிடம். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது.